பள்ளத்தின் அச்சு

சித்தி யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பல்லைத்தான் பார்ப்பாள். துப்பறிய வருவதற்கு முன்னால் பல் செட் செய்து கொடுக்கும் தொழிலில் இருந்தவள். தொழிலை விட்டாள், கண் விடவில்லை. எங்கள் அலுவலகமே அந்தப் பழைய பட்டறைதான். ஒரு பக்கம் வருகிறவர்கள் உட்கார நாற்காலி, இன்னொரு பக்கம் யாரும் வந்து வாங்கிப் போகாத பல் செட்டுகள் அலமாரி நிறைய. நாற்காலியில் ஒருவர் துக்கத்தைச் சொல்லி அழும்போது அவருக்குப் பின்னால் அத்தனை பல்லும் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு துணியைப் போட்டு மூடலாமே என்று கேட்டால், "அதுங்களாவது சிரிக்கட்டுமேடா" என்பாள்.

நான் அவளுடைய அக்கா மகன். விசிட்டிங் கார்டில் உதவியாளன் என்று போட்டிருக்கிறது. டீ வாங்குவது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, தேவையில்லாத இடத்தில் வாயைத் திறப்பது மூன்றும் என் பொறுப்பு.

அன்று காலை இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் ஒரு பெண். அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பிய முகம். பின்னால் அவளுடைய தம்பி, காவலாளி உடுப்பில். அதன்மேல் கறுப்பு நிறத்தில் குண்டு துளைக்காத சட்டை. அவன் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உள்ளே வந்ததும் சட்டையைக் கழற்றிக் கதவருகே இருந்த ஆணியில் மாட்டினான். ஆணி ஒரு நொடி யோசித்தது. பிறகு அதுவும், உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சும், சட்டையோடு சேர்ந்து தரைக்கு வந்தன.

"விடுங்க, பரவாயில்லை," என்றேன். "எங்க ஹவுஸ் ஓனர் சிமெண்டுக்குப் பதிலா நம்பிக்கையை வெச்சுப் பூசினவர்."

அவன் சிரிக்கவில்லை. சட்டையை அவசரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி உட்கார்ந்தான். சித்தி வழக்கம்போல் அவன் வாயைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பணவண்டிக்குக் காவலாப் போறவர்," என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். "மூணு வாரம் முன்னாடி பணத்தை இறக்கறப்போ ஒருத்தன் சுட்டுட்டான். நெஞ்சுல. சட்டை குண்டைப் பிடிச்சிருச்சு. இவர் சிரிச்சுக்கிட்டே வண்டிப் படியில உக்காந்து, 'பிடிச்சிருச்சு பாருங்கடா'ன்னு கூட இருந்தவங்ககிட்ட சொல்லியிருக்கார். அப்புறம் தண்ணி கேட்டிருக்கார். தண்ணி வர்றதுக்குள்ள போயிட்டார்."

"சுட்டவன்?"

"அவனை அன்னைக்கே பிடிச்சுட்டாங்க. அவனைப் பத்தி எனக்குக் கேள்வி இல்லை."

"கம்பெனி என்ன சொல்லுது?"

"குண்டு உள்ள போகலை, அதனால சட்டைமேல தப்பே இல்லையாம். இவருக்கு இதயம் பலவீனமாம். பயத்துல நின்னுருச்சாம்." 'பயம்' என்கிற வார்த்தையை அவள் வாயில் வைத்திருக்கவே பிடிக்காதவள் போலச் சொன்னாள். "சிரிச்சுக்கிட்டே உக்காந்தவர் எப்படிங்க பயத்துல சாவார்?"

"சரிம்மா. உங்களுக்கு என்ன தெரியணும்?"

"இவன் என் தம்பி. அதே கம்பெனி, அதே சட்டை. நாளைக்குக் காலையில அவர் போன அதே வண்டியில இவனைப் போட்டிருக்காங்க. அந்தச் சட்டை நல்லதா இல்லையான்னு இன்னைக்குள்ள எனக்குத் தெரியணும். ஒருத்தரைக் குடுத்தாச்சு. இன்னொருத்தனைக் குடுக்க மாட்டேன்."

"நல்ல சட்டைதான்க்கா," என்றான் தம்பி, தலையைத் தூக்காமல். "எத்தனை தடவை சொல்றது? நானே தினமும் போடறேன்ல? எனக்கு என்ன ஆச்சு?"

"உன்னை யாரும் சுடலையே தம்பி," என்றாள் சித்தி சாதாரணமாக. "அது இருக்கட்டும். தூங்கறப்போ பல்லைக் கடிப்பியா?"

அவன் திடுக்கிட்டு வாயை மூடினான். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"ஆமாங்க. பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது. பாவம், அவன் மாமா போனதுலேருந்து சரியாத் தூங்கறதே இல்லை."

"ம்," என்றாள் சித்தி. அந்த 'ம்'முக்கு எனக்குத் தெரிந்தே பல அர்த்தங்கள் உண்டு. அன்றைக்கு எது என்று தெரியவில்லை.

*

அந்தக் கம்பெனி வண்டிகளுக்குக் காவலாளிகளை அனுப்புவதோடு, சட்டையையும் தானே தயாரித்து வெளியே விற்றது. நாங்கள் சட்டை வாங்குகிறவர்களாகப் போனோம். சித்தி நகைக்கடை முதலாளியம்மா. நான் அவளுடைய கணக்குப்பிள்ளை. கணக்கில் நான் எப்படி என்பது சித்திக்குத் தெரியும், அதனால் வாயைத் திறக்காதே என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

வரவேற்பறையில் நடுநாயகமாக ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு கறுப்புச் சட்டை. இடது நெஞ்சில், விளிம்பு கருகிய ஓட்டை. மேலேயிருந்து அதன்மேல் மட்டும் விழும்படி ஒரு விளக்கு. கீழே பித்தளை எழுத்தில், 'குண்டு நின்றது'. சட்டைக்குள் இருந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் பூச்சாடி, அதற்குப் பக்கத்தில் வருகிறவர்கள் படமெடுத்துக்கொள்ள வசதியாகத் தரையில் ஒரு வட்டம். நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோதே ஒருவர் அந்த வட்டத்தில் நின்று பல்லைக் காட்டிப் படமெடுத்துக்கொண்டு போனார்.

"சித்தி, இது அவரோடதுதானே?"

"முதலாளியம்மான்னு கூப்பிடு," என்றாள். அவள் குரல் கசந்திருந்தது.

மேனேஜர் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வந்து எங்களோடு கைகுலுக்கிவிட்டது. பின்னாலேயே அவரும் வந்தார். உட்கார வைத்தார், பிஸ்கட் தட்டைத் தள்ளினார், மேஜைமேல் மூன்று துண்டுகளை வரிசையாக வைத்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மூன்று மகள்களைக் காட்டும் தகப்பனுக்குக்கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது.

"தேர்ந்தெடுக்கறதுதான் மேடம் இந்தத் தொழில்ல பாதி," என்று முதல் துண்டைத் தட்டினார். "இது அராமிட். மஞ்சள் நூல் துணி. கத்தரிக்கோலுக்கே அடங்காது, நெருப்புல உருகாது. ஆனா ஈரம் ஆகாது, வெயில் ஆகாது. கனமும் ஜாஸ்தி."

"எங்க பெரியப்பா மாதிரி," என்றேன். சித்தி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"இது பீங்கான் ஓடு. பின்னால கார்பன் இழைத் தகடு. பெரிய துப்பாக்கியையே நிறுத்தும். ஆனா போட்டுக்கிட்டு மாடி ஏறினா ஆளு பாதி வழியில நின்னுடுவான்." மூன்றாவதை எடுக்கும்போது குரல் குழைந்தது. "இது பாலிஎதிலீன் இழை. பிளாஸ்டிக் பை குடும்பம்தான், ஆனா நல்லாப் படிச்ச பிள்ளை. எஃகை விட உறுதி, தண்ணியில போட்டா மிதக்கும். வெள்ளை இழைத் தாளா அடுக்கி அழுத்தி எடுக்கறோம். எங்க தேர்வு இதுதான்."

தைத்து முடித்த சட்டை ஒன்றைச் சுண்டு விரலில் மாட்டி ஆட்டிக் காட்டினார். கைக்குட்டை ஆடுவதுபோல் ஆடியது.

"போட்டிருக்கறதே தெரியாது மேடம்."

"குண்டு பட்டாலும் தெரியாதா?" என்றாள் சித்தி.

மேனேஜர் ரசித்துச் சிரித்தார். சித்தி என் பக்கம் சாய்ந்து, "மேல் வரிசைப் பல் முழுக்கக் கட்டினது. நல்ல வேலைதான். என்னோடது இல்லை," என்றாள். பிறகு அவரிடம் திரும்பினாள். "இவ்வளவு லேசா இருக்கே. குண்டு உள்ள போகாது, சரி. அடி?"

"நல்ல கேள்வி." இழுப்பறையைத் திறந்து ஒரு குட்டி வெல்வெட் பெட்டியை எடுத்தார். "சட்டைக்குப் பின்னால களிமண் கட்டையை வெச்சுச் சுடுவோம். குண்டு நின்னாலும் சட்டை பின்பக்கமாப் புடைக்கும் இல்லையா? அந்தப் புடைப்பு மண்ணுல பள்ளம் போடும். மண்ணுக்குப் பதிலா மனுஷன் இருந்தா நெஞ்சுல அதே பள்ளம்தான். அது கட்டைவிரல் நீளத்துக்குள்ள இருந்தா பாஸ். எங்களோடது அதுல பாதி. அதையே பிளாஸ்டர்ல வார்த்து வாடிக்கையாளருக்கெல்லாம் பரிசா தர்றோம். வெச்சுக்குங்க. பேப்பர் பறக்காது."

பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு குமிழ். மண்ணில் பள்ளமாக இருந்தது அச்சில் மேடாக வந்திருந்தது. சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் நகத்தை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

"இது அன்னைக்குச் சுட்ட பள்ளத்தோட நேர் அச்சா? அப்புறமா யாரும் செதுக்கலையே?"

"ஒரு கோடுகூட மாத்தலை மேடம். உள்ளதை உள்ளபடி காட்டணும். அதுதான் எங்க கொள்கை."

"அந்த மண்?"

"அதை அன்னைக்கே பிசைஞ்சு பெட்டியில போட்டாச்சு. மண்ணுதானே."

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை சித்தி மிதிக்கவில்லை. "வாசல்ல இருக்கற சட்டை?"

"ஓ, அதுவா? அது எங்க பெருமை. குண்டு தைக்கலை, ஆனா பாவம், அந்த ஆளுக்கு இதயம் வீக். மத்தபடி சட்டைக்கு நூத்துக்கு நூறு." அவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். "அவங்க வீட்டம்மா சட்டையைக் கேட்டாங்க. குடுத்திருந்தா எங்கேயாவது மூட்டை கட்டிப் போட்டிருப்பாங்க. இங்கே இருந்தா அவருக்கும் ஒரு மரியாதை இல்லையா?"

கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். சாப்பிடும் பொருளை நான் திருப்பி வைத்து என் அம்மாகூடப் பார்த்ததில்லை. அந்த ஆளோடு சேர்ந்து எதையும் மெல்லப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

*

சோதனை நடக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சித்தி கேட்டாள். மேனேஜருக்கு வேறொரு வாடிக்கையாளர் வந்திருந்ததால், ஒல்லியான ஒரு இன்ஜினியரை எங்களோடு அனுப்பினார். அவர்தான் அங்கே எந்தப் பொருள் எத்தனை அடுக்கு என்று சொல்கிறவர். அப்படித்தான் அவருடைய அறைக் கதவில் எழுதியிருந்தது. சொன்னதை யாராவது கேட்கிறார்களா என்று எழுதியிருக்கவில்லை.

சோதனை அறை நீளமாக, ஜன்னல் இல்லாமல், ரப்பரும் வெடிமருந்தும் கலந்த வாடையோடு இருந்தது. ஒரு மூலையில் சூடேற்றும் பெட்டி. அதிலிருந்து இன்ஜினியர் ஒரு களிமண் கட்டையைத் தள்ளுவண்டியில் இழுத்து வந்தார்.

"மண்ணு எப்பவும் இந்தச் சூட்டுலதான் இருக்கணும்," என்றார். "சுடறதுக்கு முன்னாடி இப்படி ஒரு தடவை பாத்துக்கணும்." ஓர் இரும்பு உருண்டையை உயரத்திலிருந்து மண்மேல் விட்டார். தொப்பென்று ஒரு பள்ளம். விளிம்பு முழுக்க மண் வழுவழுப்பாக எழும்பி, உதடு மாதிரி மடங்கி நின்றது.

சித்தி குனிந்து அந்த உதட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்து, குமிழை அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் அதையும் பாத்துட்டு எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மண்ணுல உதடு இருந்தா அச்சுல அது குமிழைச் சுத்திப் பள்ளமா வரணும். வாய்க்கால் மாதிரி. இங்கே வாய்க்கால் எங்கே?"

இன்ஜினியர் குமிழைக் கையில் எடுத்தார். வாய்க்கால் இல்லை. அதற்குப் பதில் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக முடி முடியாய் மெல்லிய மேடுகள் ஓடின.

"மண்ணுல விரிசல் விட்டா அச்சுல மேடா வரும்," என்றாள் சித்தி. "நகைக்கடைக்கு முன்னாடி நான் மெழுகுல பல் அச்செடுத்தவ. மெழுகு இளஞ்சூட்டுல இருந்தா பல்லைச் சுத்தி வழிஞ்சு எழும்பும். ஆறிப் போச்சுன்னா ஓரமெல்லாம் வெடிக்கும். அந்த அச்சுல செஞ்ச செட்டு எவன் வாயிலயும் உக்காராது."

இன்ஜினியர் கிடைத்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "குளிர்ந்த மண்ணு," என்றார். "கல்லு மாதிரி இருந்திருக்கும். எந்தச் சட்டையை வெச்சாலும் பாஸாயிருக்கும்."

"இங்கே மண்ணைக் குளிர வைக்க வசதி இருக்கா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் கண்ணில் அந்தப் பெரிய ஃபிரிட்ஜ் பட்டுவிட்டது.

"அது பிசின் தடவின இழைத் தாளுக்கு. வெளியே இருந்தா கெட்டியாயிடும்," என்றார் அவர், கதவைத் திறந்துகொண்டே. மேல் தட்டுகளில் சுருட்டிய தாள்கள் சுத்தமாக அடுக்கியிருந்தன. அடித்தட்டில் சாம்பல் நிறத்தில் சதுரமாக ஒரு கறை. மண் கட்டையின் அதே அகலம். துடைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த அளவுக்கு யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியம்.

"இந்தச் சோதனை நடந்த அன்னைக்கு நீங்க எங்கே இருந்தீங்க?" சித்தி கேட்டாள்.

"வெளியூர். வேற வேலையா அனுப்பிட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னது வேறம்மா. வெள்ளைத் தாள் சரி, லேசு, நல்ல பொருள். ஆனா குண்டைப் பிடிக்கறது ஒரு வேலை. பிடிச்ச அடியை நெஞ்சு முழுக்கப் பரப்பறது இன்னொரு வேலை. அதுக்குப் பின்னால கார்பன் இழைத் தகடு ஒண்ணு, நுரை ரப்பர் ஒண்ணு வெக்கச் சொன்னேன். கனம் கொஞ்சம் கூடும். மேனேஜர் ரெண்டையும் எடுத்துட்டார். எடுத்தப்புறமும் பாஸாச்சுன்னு கேட்டு எனக்கே ஆச்சரியமா இருந்தது."

"ஆச்சரியப்பட்டுட்டு என்ன பண்ணீங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "ஆச்சரியப்பட்டேன்," என்றார்.

மேனேஜரைக்கூட ஒரு மாதிரி சகித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். அவர் திருடன், திருடன் மாதிரியே மணக்கிறார். இந்த மனிதர் சோப்புப் போட்டுக் கை கழுவி, சரியாகக் கணக்குப் போட்டு, ஆச்சரியப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"அந்தத் தகடு?" என்றாள் சித்தி.

"மாதிரிக்கு ஒரே ஒரு செட் பண்ணினேன். கழிவுப் பெட்டியில போட்டாங்க. நான் வந்து தேடினப்போ அங்கேயும் இல்லை."

"மண் கட்டையைத் தூக்கறது யாரு?"

"அது ரொம்பக் கனம். டியூட்டி இல்லாம இருக்கற காவலாளி யாரையாவது மேனேஜர் கூப்பிட்டுக்குவார். அன்னைக்கு யார்னு எனக்குத் தெரியாது."

சித்தி மேஜைமேல் கிடந்த புதுச் சட்டை ஒன்றை எடுத்தாள். சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஏதோ ஒரு தாளைக் குத்தியிருந்த குண்டூசியில் அதை மாட்டினாள். கையை விட்டாள். ஊசி லேசாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா முதலாளியம்மா," என்றேன். "இவங்க ஊசி தாங்குது, நம்ம ஆணி தாங்கலை. சுவர்னா இது சுவர்."

"சுவர் இல்லடா," என்றாள் சித்தி.

வெளியே வந்ததும் தெருக் குழாயில் முழங்கை வரைக்கும் கை கழுவினாள். என்னையும் கழுவச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவங்க வீட்டுக்காரர் செத்து எவ்வளவு நாளாச்சுன்னு சொன்னாங்க?"

"மூணு வாரம்."

"மூணு வாரத் துக்கத்துக்குக் கடைவாய்ப் பல்லு அப்படித் தேயாது. அந்தப் பையன் மாசக்கணக்கா பல்லைக் கடிச்சிருக்கான்."

கொஞ்ச நேரம் கழித்து, அவன் சட்டையோடு விழுந்த ஆணி எனக்கு ஞாபகம் வந்தது. அதன் பிறகு இறங்கும் இடம் வரை நானும் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

*

அந்தப் பெண்ணின் வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலில் ஒரு ஜோடி ஆண் பூட்ஸ், பாலிஷ் போட்டுத் தயாராக. யாரும் கேட்காமலே, "கை பழகிப் போச்சு, போட்டுட்டேன்," என்றாள். உள்ளே தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்டை பக்கத்து நாற்காலியின் முதுகில் தொங்கியது. நாற்காலியின் முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பாமல் இருக்க, யாரோ அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள்.

"என்ன ஆச்சுங்க?" என்றாள் அவள். "நல்ல சட்டையா, இல்லையா?"

"இல்லை," என்றாள் சித்தி. "குண்டு உள்ள போகாது. ஆனா அது வந்த வேகத்துல சட்டை உள்பக்கமாப் புடைச்சு நெஞ்சை இடிக்கும். உங்க வீட்டுக்காரர் பயத்துல சாகலை. அவர் நெஞ்சுக்குள்ள உடைஞ்சிருக்கு. அவருக்கே அது உடனே தெரியலை, அதான் சிரிச்சிருக்கார்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "பயப்படலை," என்று மட்டும் தனக்குத்தானே சொன்னாள். உடனே தம்பியைப் பார்த்தாள். "கேட்டியா? நாளைக்கு நீ போக வேண்டாம். இந்தச் சனியனைத் தூக்கிப் போடு."

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லைம்மா," என்றாள் சித்தி. "அது மட்டும் நல்ல சட்டை."

நாற்காலியிலிருந்து சட்டையை எடுக்க அவள் ஒரு கையை நீட்டினாள். பிறகு இன்னொரு கையையும் சேர்க்க வேண்டியிருந்தது. மேஜைமேல் வைத்து, அடிப்பக்கத்துத் தையலைத் தொட்டுப் பார்த்தாள். ஆலைத் தையல் பிரிக்கப்பட்டு, கறுப்பு நூலில் கையால் மறுபடி போட்டிருந்தது. "கத்தரிக்கோல் குடுங்க," என்றாள். யாரும் நகரவில்லை. நானே போய்த் தேடி எடுத்து வந்தேன்.

முதலில் வந்தது மெல்லிய வெள்ளைப் பலகை, எல்லாச் சட்டையிலும் இருப்பது. அதன் பின்னால் கறுப்பாக, நெஞ்சின் வளைவுக்கே வார்த்தது போல, கார்பன் இழைத் தகடு. அதன் முதுகில் ஒட்டிய நுரை ரப்பர். இன்ஜினியர் கழிவுப் பெட்டியில் தேடிக் கிடைக்காத அதே மாதிரி.

அந்தப் பெண் தகட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த அறையை விட்டு ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது.

"இது என்ன?"

தம்பி தட்டைப் பார்த்தான். சித்திதான் கேட்டாள். "மண் கட்டையைக் குளிர்ல வெச்சது நீதானே?"

"மேனேஜர்தான் வெக்கச் சொன்னார்." அவன் குரல் தட்டுக்குள்ளிருந்து வந்தது. "முதல்ல சூட்டு மண்ணுலதான் சுட்டாங்க. பள்ளத்துல என் முஷ்டி முழுசா உள்ள போச்சு. மேனேஜர் அதைப் பாத்துட்டு, மண்ணை ஃபிரிட்ஜுல வை, நாளைக்குப் பாக்கலாம்னார். மறுநாள் சுட்டப்போ இம்மாம்தான் இருந்தது. யார்கிட்டயாவது வாயைத் திறந்தா வேலை போயிடும்னார். போகும்போது கழிவுப் பெட்டியில அந்தத் தகடு கிடந்தது. எடுத்துட்டு வந்துட்டேன்."

"எப்போ?" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் புதுச் சட்டை குடுக்கறதுக்கு முன்னாடி."

"உங்க மாமாவுக்கும் அன்னைக்குத்தானே குடுத்தாங்க. இந்த மேஜையில வெச்சு ரெண்டு பேரும் போட்டுப் பாத்தீங்க. எவ்வளவு லேசா இருக்கு பாருடான்னு அவர் சொன்னார். நீ சிரிச்சே."

"ஒண்ணுதான்க்கா இருந்தது," என்றான்.

மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக் கைக்கெட்டாத இடத்தில் வைத்தேன்.

அந்தப் பெண் மேஜைக்கு வந்தாள். வெள்ளைப் பலகையை மட்டும் உறைக்குள் திரும்பச் செருகினாள். தகட்டை அப்படியே விட்டுவிட்டு, சட்டையைத் தோள் பக்கம் விரித்துப் பிடித்தாள், சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறவள் மாதிரி.

"போட்டுக்கோ."

"அக்கா."

"நல்ல சட்டைதானே? நீதானே சொன்னே, எத்தனை தடவை சொல்றதுன்னு. நாளைக்குக் காலையில இதைப் போட்டுக்கிட்டு அந்த வண்டியில ஏறு."

அவன் எழுந்தான். கை கழுவாத விரல்களோடு பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் முட்டிக்கொண்டான். அதற்கு மேல் போக இடமில்லை. அவள் சட்டையைப் பிடித்தபடியே நின்றாள். கடைசியில் சித்திதான் போய் மெதுவாக அதை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"காலையில கம்பெனி முற்றத்துல எத்தனை பேர் இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஏறுவாங்க?" என்று அவனிடம் கேட்டாள்.

"எல்லாரும்."

"அச்சு என்கிட்ட இருக்கு. ஊருல வாங்கினவங்க எல்லார்கிட்டயும் இருக்கு. மேனேஜரே வெல்வெட் பெட்டியில போட்டுக் குடுத்திருக்கார். மண்ணு குளிர்ந்துதான் இருந்ததுன்னு அது சொல்லும். யார் குளிர வெக்கச் சொன்னதுன்னு நீதான் சொல்லணும். போலீஸ்ல அப்புறம் சொல்லலாம். முதல்ல அந்த ஆளுங்ககிட்ட, அவங்க போடறதுக்கு முன்னாடி. இப்பவே."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"என்னை அடிச்சே கொன்னுடுவாங்க," என்றான்.

"வாய்ப்பு இருக்கு," என்றாள் சித்தி. "நாங்க கூட வர்றோம்."

அவன் கை கழுவினான். முகத்தையும் கழுவினான். செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பாலிஷ் போட்ட பூட்ஸை மிதித்துவிடாமல் தாண்டி வாசலில் நின்றான். மெல்லிய பனியன் வழியே விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது. இப்போது அவன்மேல் ஒரு கிராம் கனம் இல்லை.

நாங்கள் படி இறங்க ஆரம்பித்தபோது பின்னால் அவள் குரல் கேட்டது.

"நில்லு."

தகட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அழுகிய பொருளைப் பிடிப்பது போல இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அவன் பனியனைத் தூக்கி, நெஞ்சோடு அதை வைத்து, பனியனை இழுத்து மேலே விட்டாள். அவன் முகத்தை அப்போதும் அவள் பார்க்கவில்லை.

"எனக்கும் ஒண்ணுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.